வேக வரம்பு

சாலையோரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் 30, 50, 80 என எண்கள் எழுதப்பட்ட பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவ்விடத்தில் ஒரு வாகனம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதை அந்த எண் கூறுகிறது. அதுவே வேக வரம்பு. அதனை முடிவு செய்பவர் யாவர்?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. வாகன வகைக்கேற்ற உச்ச வேகத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்பையோ, சாலை, பாலம் ஆகியவற்றின் தன்மையையோ கருதி, மாநில அரசு அதனினும் குறைந்த வரம்பை விதிக்கலாம். ஆனால், அதைக் கூட்ட இயலாது. குறைத்த இடத்தில் அறிவிப்புப் பலகை வைத்தல் வேண்டும்.

வரம்பை விதிக்கும் முன் பொறியாளர்கள் சாலையை ஆராய்கின்றனர். வளைவுகள், சந்திப்புகள், முன்பு நிகழ்ந்த விபத்துகள், அருகிலுள்ள பள்ளிகள், கடைத்தெருக்கள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்கின்றனர். நெரிசலற்ற வேளையில் வாகனங்களின் வேகத்தையும் அளக்கின்றனர். நூறு வாகனங்களில் எண்பத்தைந்து எந்த வேகத்தைத் தாண்டவில்லையோ, அதனை ஓர் அளவுகோலாகக் கொள்வதுண்டு.

எனினும், ஓட்டுநர்களின் பழக்கம் மட்டுமே அளவுகோல் ஆகாது. சாலையைக் கடக்கும் சிறுவரையும் முதியவரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். ஆகவேதான், 2020இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ. வரம்பை வலியுறுத்தியது.

வரம்பு என்றும் மாறாததன்று. கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச்சாலையில் கார்களுக்கு வரம்பு 100 கி.மீ. மூடுபனி கண்ணை மறைக்கும் குளிர்காலத்தில் அது குறைக்கப்படுகிறது. அவ்வாறே, சாலையோரத்தில் புதிய பள்ளியோ குடியிருப்போ எழுந்தால், பழைய வரம்பை மறு ஆய்வு செய்தல் வேண்டும். சாலை மாறும்போது எண்ணும் மாறுவதே முறை.

அருஞ்சொற்பொருள்
வரம்பு – எல்லை
உச்ச வேகம் – மிகுதியான வேகம்
மூடுபனி – பார்வையை மறைக்கும் அடர்ந்த பனி

பயிற்சி
1. வேக வரம்பை மாநில அரசு எக்காரணங்களுக்காகக் குறைக்கலாம்?
2. ஓட்டுநர்களின் பழக்கம் மட்டும் ஏன் அளவுகோல் ஆகாது?
3. உங்கள் பள்ளி முன் வேக வரம்புப் பலகை உள்ளதா? இல்லையெனில், பலகை வைக்க வேண்டிப் போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.