ஐந்து விளக்குக்கு ஒரு டிரைவர்

சித்திரைத் திருவிழாவில் மதுரை வீதிகளுக்குச் சீரியல் செட் புதிதல்ல. பழைய குண்டு பல்பு செட்டில் பல்புகள் தொடராக இணைந்திருப்பதால், ஒன்று போனால் வரிசையே இருண்டுவிடும். காம்பவுண்ட் சுவரில் நாலைந்து எல்இடி விளக்குகளை ஒரே டிரைவரில் கோத்து, பத்து மணிக்கு மேல் போனிலிருந்தே வெளிச்சத்தைக் குறைக்க நினைப்பவர்களும் இந்தத் தொடர் இணைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெள்ளை எல்இடி ஒன்று ஏறக்குறைய 3 வோல்ட்டில் எரியும். அதற்குமேல் கொஞ்சம் கூடினாலும் கரண்ட் தாறுமாறாக ஏறும். சூடானால் அதே வோல்ட்டில் இன்னும் அதிகம் இழுக்கும். அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் டிரைவர். அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். '700 மில்லி ஆம்பியர்' என்று கரண்ட்டைச் சொன்னால் விளக்குகளைத் தொடராகக் கோக்க வேண்டும். பக்க இணைப்பில் கொடுத்தால், ஒன்று போனதும் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். அவையும் ஒவ்வொன்றாகக் கருகும். '24 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் பக்க இணைப்புதான். அதற்கென்று செய்த விளக்குகளில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும். ஒன்று அணைந்தால் மற்றவை எரியும். வீட்டுக்கு என் ஓட்டு இதற்கே. தெருவிளக்கில் கம்பத்துக்கு ஒரு டிரைவர் வைப்பதும் ஒன்றின் கோளாறு அடுத்ததைத் தொடக்கூடாது என்பதால்தான்.

24 வோல்ட் டிரைவருக்கும் விளக்குகளுக்கும் நடுவே வைஃபை அல்லது ஜிக்பீ டிம்மர் ஒன்றைப் பொருத்தினால் போதும். அது விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கரண்ட்டை வெட்டி வெட்டி விடும். கண் சராசரியை மட்டும் பார்க்கும். அதே டிம்மரைக் கரண்ட் டிரைவருக்குப் பின்னால் போடாதீர்கள். டிம்மர் வெட்டும்போதெல்லாம் டிரைவர் வோல்ட்டை ஏற்றிக் கரண்ட்டைத் தள்ளப் பார்க்கும். மறுபடி திறந்ததும் அந்த வேகம் எல்இடியைத் தாக்கும். கரண்ட் டிரைவரென்றால் 0–10 வோல்ட் அல்லது டாலி (DALI) டிம்மிங் முனை உள்ளதாக வாங்கி, கட்டளையை டிரைவருக்கே கொடுக்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரை வைத்துச் சமாளிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

50 சதவீதம் என்று வைத்தால் பாதி குறைந்ததாகத் தோன்றாது. 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் கண்ணுக்குப் பாதி வெளிச்சம்; மின்சாரமும் அங்கே இன்னும் அதிகம் மிச்சமாகும்.

12 வோல்ட்டைவிட 24 நல்லது. கேட் வரை 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 50 வாட் அனுப்பினால், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 24-இல் 1 வோல்ட்தான் போகும்.

மலிவான ஃபோகஸ் லைட்டுகள் சிலவற்றில் டிரைவர் எல்இடி பலகையிலேயே பதிந்திருக்கும். அதைப் பிரித்து மாற்ற முடியாது. பலகை முழுக்க மெயின் கரண்ட் ஓடுவதால் திறந்து தொட்டால் ஆபத்து. புது விளக்கு வாங்குவதே மலிவு. 230 வோல்ட் பக்கத்து வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

டிரைவரில் முதலில் சாவது பெரும்பாலும் அதிலுள்ள கெப்பாசிட்டர். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மதுரை மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால் மேற்குச் சுவரைத் தவிர்த்து, சன்ஷேடுக்கு அடியில், காற்றுப் படும்படி மாட்டுங்கள். சூடு குறைய, மொத்தம் 80 வாட் விளக்குகளுக்கு 100 வாட் டிரைவராக வாங்குங்கள்.