முகூர்த்தப் பட்டு எடுக்கும்போதே

முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். மணப்பெண் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கவும் அதுவே தோதான காலம். ஆனால் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று உறுதியான பிறகுதான் நம் வீடுகளில் சத்து மாத்திரைப் பேச்சே எழும்.

அதற்குள் முக்கியமான வேலை ஒன்று முடிந்திருக்கும். கருவில் தட்டையாக இருக்கும் திசு மடிந்து, இரண்டு ஓரமும் சேர்ந்து குழாயாகிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்தே உருவாகின்றன. கோர்வைப் புடவையில் கரையும் உடலும் பிணைவதுபோல இங்கும் இணைப்பு விட்டுப்போகக் கூடாது. விட்டால் முதுகுத்தண்டு மூடாமல் குழந்தை பிறக்கலாம். கருத்தரித்த 28 நாளுக்குள், அதாவது நாள் தள்ளிப்போன இரண்டு வாரத்திலேயே, எல்லாம் முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் பிரிட்டன் தலைமையிலான ஆய்வு காட்டியது.

இந்தச் சத்தின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1928-இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்களின் ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) வேலையைத் தொடர்ந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த மருந்து எது என்பது அப்போது புதிர்தான். ஃபோலிக் அமிலம் என்ற பெயரே 1941-இல், பாலக்கீரையிலிருந்து அதைப் பிரித்த பிறகு வந்தது.

கீரையும், கோயில் இட்லியில் சேரும் உளுந்தும் போதாதா என்பார்கள். சாப்பிட வேண்டியவைதான். ஆனால் இந்தச் சத்து தண்ணீரில் கரையும், நெடுநேர வேக்காட்டில் சிதையும். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையாகப் போட்டுக்கொள்வதுதான் நம்பகமானது.

அதிகம் போட்டால் அதிகப் பலன் என்பதும் இல்லை. மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம், அதாவது பன்னிரண்டு மடங்குக்கு மேல். கறி, மீன், முட்டை தொடாத வீடுகளில் பி12 குறைவு சகஜம். அங்கே ஃபோலிக் அமிலம் மட்டும் ஏறினால் ரத்தசோகை மறைந்து, நரம்புப் பாதிப்பு சத்தமில்லாமல் தொடரலாம். வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் அளவை டாக்டரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.