கிளிப் போடப் போனா எக்ஸ்ரேயில் எட்டிப்பார்க்கும் எக்ஸ்ட்ரா பல்!

சேலையூர் கேம்ப் ரோடு பக்கமோ, தாம்பரத்திலோ, பல்லுக்கு கிளிப் போட எங்கே போனாலும் முதல்ல எழுதித் தருவது 'ஓபிஜி' எக்ஸ்ரே. "பல்லை நேராக்கத்தானே வந்தோம், இது எதுக்கு?"னு தோணும். கண்ணாடியில நமக்குத் தெரியறது பல்லின் மேல்பகுதி மட்டும்தான். வேரும் தாடை எலும்பும் எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

அடிக்கடி மாட்டுவது மேல் கோரைப்பல். 11, 12 வயசுல வெளியே வரவேண்டிய அது, சிலருக்கு வழிதவறி அண்ணத்துக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. பால்பல் விழாம அங்கேயே நின்னா, யாருக்கும் சந்தேகமும் வராது. ஆனா, உள்ளே கிடக்கும் அந்தப் பல், பக்கத்து முன்பல்லின் வேரைச் சத்தமில்லாம கரைச்சிடலாம். அது தெரியாம கம்பி மாட்டி இழுத்தா, முன்பல்லே ஆட்டம் காணும் ஆபத்து இருக்கு. எக்ஸ்ரே எடுக்காம கிளிப் போடறேன்னு யாராவது சொன்னா, தாராளமா எழுந்து வந்துடலாம்.

சிலருக்கு முளைக்க வேண்டிய பல்லே இருக்காது. சிலருக்கு எக்ஸ்ட்ரா பல், நீர்க்கட்டி... எக்ஸ்ட்ரான்னா எவ்வளவு?

2019-ல் சென்னை சவீதா பல் மருத்துவமனைக்கு, வலது கீழ்த்தாடை வீக்கத்தோடு 7 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். கிளிப்புக்காக வந்த கேஸ் இல்லை. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன்ல பை மாதிரி ஒரு கட்டி தெரிஞ்சது. ஆபரேஷன்ல எடுத்துப் பிரிச்சுப் பார்த்தா, குட்டியும் பெருசுமா 526 பற்கள்! எண்ணி முடிக்கவே மணிக்கணக்காச்சாம். 'காம்பவுண்ட் ஒடோன்டோமா' என்கிற இது புற்றுநோய் அல்ல. பையனுக்கு 3 வயசா இருக்கும்போதே பெற்றோர் வீக்கத்தைக் கவனிச்சிருக்காங்க. இதே கட்டி சின்னதா இருந்தா வீக்கமே தெரியாது. வேறு எதுக்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் சிக்கும்.

பக்கவாட்டில் எடுக்கும் 'செஃபலோகிராம்' இன்னும் சுவாரஸ்யம். அதில் கழுத்தெலும்பு, பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் எலும்புக்குழி வரைக்கும் பதிவாகும். குழி வழக்கத்தைவிடப் பெருசா இருந்தா, பல் டாக்டரே வேறு டாக்டரிடம் அனுப்புவார்.

கதிர்வீச்சு பயம்? ஓபிஜி ஒன்றில் உடம்பில் சேர்வது, இயற்கையா சில நாள்களில் நமக்குக் கிடைக்கும் அளவுதான். கர்ப்பமா இருந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. தோடு, மூக்குத்தி, செயினைக் கழட்டிடுங்க. ஒரு காதுத் தோட்டின் நிழல், படத்தில் எதிர்ப்பக்கம் போய் விழுந்து இல்லாத பிரச்னையைக் காட்டும். வரும்போது மறக்காம எக்ஸ்ரே காப்பியை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கோங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஏதாவது தெரிஞ்சா, 'இது அப்பவே இருந்துச்சா?'ன்னு ஒப்பிட அந்தப் படம்தான் வேணும்.