கணிப்பொறியின் ஏடுகள்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராக அலைந்து ஓலைச்சுவடிகளைத் தேடியிராவிடில், கரையானுக்கு இரையாகியிருக்கக்கூடிய தமிழ்ச் செல்வம் சிறிதன்று. நம் காலத்திலும் அத்தகைய ஏடுகள் உள. அவை ஓலையில் எழுதப்பட்டவை அல்ல. காந்த நாடாவிலும் தட்டிலும் பதிக்கப்பட்டவை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் தோன்றியது. லேத்துகளின் ஓசை நிறைந்த அப்பகுதியில் இன்று மென்பொருள் நிறுவனங்களும் எழுந்துள்ளன. பழைய லேத்து ஒன்றை நூறாண்டு கழித்துக் கண்டாலும், அதன் சக்கரமும் பற்களும் தம் தொழிலைத் தாமே உணர்த்தும். கணிப்பொறி அத்தகையதன்று. நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளை ஒழுங்குபடுத்தி, நிரல்களை முறையே ஓட்டுவது இயங்குதளம் என்னும் மென்பொருளாகும். அது மறைந்தால் எஞ்சுவது வெறும் இரும்புப் பேழையே.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பெற்றது. அத்தகைய பொறிகள் பணியினின்று ஓய்ந்து நெடுநாளாயிற்று. எனினும், அவ்வினப் பொறிகளில் ஓடிய ஓஎஸ்/360 என்னும் இயங்குதளம் அழிந்திலது. எங்ஙனம்? பழைய பொறியின் ஒவ்வோர் ஆணையையும் அவ்வாறே நிறைவேற்றிக் காட்டும் ஹெர்க்குலிஸ் என்னும் மென்பொருளை ரோஜர் பௌலர் 1999இல் வெளியிட்டார். அதன் துணையால் அவ்வியங்குதளம் இன்று மேசைக் கணிப்பொறியிலும் ஓடுகிறது.

யுனிக்ஸின் வரலாறு இன்னும் வியப்பானது. 1969இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் அதனைத் தொடங்கினர். பிடிபி-7 என்னும் பொறிக்கு எழுதிய அதன் தொடக்க வடிவம் தாளில் அச்சிட்ட படியாகவே பிற்காலத்தார்க்குக் கிடைத்தது. ஆர்வலர் சிலர் அதனை எழுத்தெழுத்தாகப் படியெடுத்து, விடுபட்ட பகுதிகளைத் தாமே எழுதிச் சேர்த்து, 2016இல் மீண்டும் ஓடச் செய்தனர். சிதைந்த சுவடியைப் பதிப்பிக்கும் புலவரின் தொண்டும் இதுவேயன்றோ?

ஆனால், வேற்றுமை ஒன்று உண்டு. ஓலையைக் கண் படிக்கும். நாடாவைப் பொறியே படிக்கும். நாடா பழுதுறாமல் இருப்பினும், படிக்கும் பொறியும் விளக்கக் கையேடும் இல்லையேல் அது ஊமையே. ஆதலின், காலம் தாழ்த்தாது படியெடுத்தல் வேண்டும்.

மாணவர்களே! ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டும் கையேடும் கிடக்கக்கூடும். பழைய இரும்புக் கடைக்கு அவற்றைக் கொடுக்குமுன், அவற்றில் யாது உள்ளது எனக் கேளுங்கள். அக்கேள்வியே ஓர் ஏட்டைக் காக்கலாம்.