பருத்தி காத்திருக்கும், பால் காத்திருக்காது

சோமனூர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது விசைத்தறி. தறிக்கு நூல் வேணும், நூலுக்குப் பஞ்சு வேணும், பஞ்சுக்குப் பருத்தி விளைவிக்கிற விவசாயி வேணும். அந்த விவசாயி தன்னோட பருத்தியை எப்படி விக்கிறார்?

2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் 100 நிலவுடைமைகளில் சுமார் 86, இரண்டு ஹெக்டேருக்கும் குறைவு. அதாவது 5 ஏக்கருக்குள்ள. நாலஞ்சு மூட்டைப் பருத்தியை எடுத்துக்கிட்டு ஜின்னிங் ஃபேக்டரிக்குப் போனா வண்டி வாடகைக்கே கட்டாது. அதனால தோட்டத்துக்கு வர்ற வியாபாரிக்கே கொடுக்க வேண்டியதுதான். விலையும் அவர் சொல்றது, தராசும் அவரோடது.

இங்கதான் கூட்டுறவுச் சங்கம் வருது. நம்ம பக்கத்துல அவிநாசியில் வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் இருக்கு. அங்கே பருத்தி ஏலம் நடக்குது. பல ஊர் விவசாயிகளோட மூட்டைகள் ஒரே இடத்துல சேர்றதால, வெளியூர் வியாபாரிகளும் தேடி வர்றாங்க.

இந்த மாதிரி சங்கங்களில் பெரும்பாலும் மறைமுக ஏலம்தான். ஒவ்வொரு குவியலையும் பார்த்து, வியாபாரிகள் தங்களோட விலையைச் சீட்டுல எழுதிக் கொடுப்பாங்க. பக்கத்துல இருக்கிறவர் என்ன எழுதினார்னு தெரியாது. சரக்கு வேணும்னா நல்ல விலை எழுதித்தான் ஆகணும். எடை போடறதும் சங்கத்தோட தராசுலதான். விலை பிடிக்கலைன்னா விவசாயி விக்காம விடலாம். கிடங்கு வசதி இருக்கிற சங்கத்துல சரக்கை வெச்சு, அது மேல ஈட்டுக்கடனும் வாங்கலாம்.

பாலுக்கு இந்த முறை சரிப்படாது. காலையில கறந்தது சாயங்காலத்துக்குள்ள கெட்டுப் போயிடும். அதனால கிராமத்து பால் சொசைட்டி ஏலம் விடாம, தானே தினமும் ரெண்டு வேளை வாங்கிக்குது. கொழுப்பும் இதர சத்தும் அளந்து விலை போடறாங்க. கோவை மாவட்டத்துப் பால் பச்சாபாளையம் பால் பண்ணைக்குப் போகும். சொசைட்டி, மாவட்ட ஒன்றியம், மாநில இணையம்னு மூணு அடுக்கு; இணையம் 1981-ல் வந்தது. இதுக்கெல்லாம் முன்னோடி, 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்துல தொடங்கின அமுல்.

சிக்கலும் இருக்கு. ஏலத்துக்கு ரெண்டு மூணு வியாபாரிகள் மட்டும் வந்து, முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டா சீட்டு எழுதி என்ன பிரயோஜனம்? விதைக்கும் உரத்துக்கும் வியாபாரிகிட்டயே அட்வான்ஸ் வாங்கினவர், சங்கத்துப் பக்கம் வரவே முடியாது. விளைஞ்சதை அவருக்கே கொடுத்தாகணும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு "விவசாயிகளுக்கு விலை சொல்ற ஆப்"னு யோசிக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. கடன்ல இருக்கிறவருக்கு இன்னிக்கு விலை குறைவுன்னு தெரிஞ்சாலும், இன்னிக்கே வித்தாகணும். அவரால பத்து நாள் காத்திருக்க முடியணும். அதுக்குக் கிடங்கும் கடனும் நியாயமான தராசும் வேணும்.