பரணில் கிடக்கும் ஃபைல்

"அதெல்லாம் சரியாகி எத்தனை வருஷம் ஆச்சு? இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்தவர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். கல்யாணத் தரகர் வருகிறார் என்றால் பழைய சிகிச்சை ஃபைல் பரணுக்கு ஏறிவிடும். தலையில் கரன்ட் (கதிர்வீச்சு) வைத்தது, முடி கொட்டியது, ஒரு வருடப் படிப்பு போனது எல்லாம் 'டைபாய்டு' ஆகிவிடும். பெற்றோர் நல்லதை நினைத்தே செய்கிறார்கள். ஆனால் அந்த ரகசியத்துக்கு ஆயுள் முழுக்கக் காவல் இருப்பது பிள்ளைதான். நண்பர்களுக்கு நடுவிலும் அவர் தனியாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படிப் பிழைத்தவர்களை 1994 முதல் ஓர் ஆய்வு பின்தொடர்கிறது. அவர்களுடன் ஒப்பிட எடுத்துக்கொண்டது அவர்களுடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை. ஒரே வீட்டில் ஒரே சோறு தின்று வளர்ந்தும், பிழைத்தவர்களிடமே தனிமை அதிகம். அந்தத் தனிமை தொடர்ந்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தன.

இதை மனசு பலவீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூளைக்குக் கொடுத்த கதிர்வீச்சு கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கலாம். எலும்புப் புற்றில் கால், விழித்திரைப் புற்றில் கண் போனவர்கள் உண்டு. குழந்தை பிறக்குமா என்ற கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் விழுங்கியவர்கள் உண்டு. தலை, கழுத்துக்குக் கரன்ட் வைத்தவர்களுக்குப் பல ஆண்டு கழித்தும் தைராய்டு குறையலாம். அதன் அறிகுறிகளான சோர்வும் மந்தமும் மனச்சோர்வைப் போலவே இருக்கும், ஆகவே ரத்தப் பரிசோதனையும் வேண்டும். சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்லும் டாக்ஸோரூபிசின் இதயத்தைத் தாமதமாகப் பாதிக்கக்கூடியது. அந்த மருந்து தனக்கு ஏறியதே தெரியாதவர் டாக்டரிடம் என்ன சொல்வார்?

முதல் வேலை, ஃபைலைப் பரணிலிருந்து இறக்குவது. இல்லையென்றால் சிகிச்சை தந்த மருத்துவமனையில் எழுத்தில் கேளுங்கள்: மருந்துகளின் பெயர், மொத்த அளவு, கரன்ட் வைத்த இடம். உள்நோயாளி ஆவணத்தைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். ஆனால் அதே விதிகளின்படி மூன்று ஆண்டுகள் பாதுகாத்தால் போதும். அதனால் வீட்டுப் பிரதியைக் கரையான் தொடும் முன் போனில் படமாவது எடுத்து வையுங்கள்.

மனசுக்கு உதவி தேடவும் சட்டம் துணை நிற்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநல சேவையைப் பெறுவதை உரிமையாக்குகிறது. மருத்துவர் உங்கள் விஷயத்தை ரகசியமாக வைக்கவேண்டும். உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய் இல்லை. ஆனால் அது விட்டுச்சென்ற கால் இழப்போ, பார்வைக் குறைவோ, மனநோயோ அளவைப் பொறுத்து அதில் வரலாம்.

காப்பீட்டுப் படிவத்தில் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் கிளைம் நிராகரிக்கப்படலாம். பிரான்சில் கடன் காப்பீட்டுக்கு, சிகிச்சை முடிந்து ஐந்தாண்டுகள் ஆனவர் புற்றுநோயைச் சொல்லவே வேண்டியதில்லை. அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. கேட்டுப் பெறவேண்டிய ஒன்று.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்றே 1991இல் தனி கிளினிக் தொடங்கியது. பிழைத்தவர்களே சேர்ந்து நடத்தும் 'உகம்' என்ற குழுவும் அந்த ஊரில் உண்டு. நம் ஊர்களில் பெரிய மருத்துவமனைக்குச் செக்கப்புக்குப் போகும்போது, பழைய நோயாளிகள் கூடும் குழு இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டுப்பாருங்கள்.

அதுவரை பேச, 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். வீட்டுக்குள் பேச முடியாதென்றால் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுங்கள்.