அனுமந்தை மாடியிலிருந்து ஓர் அசையாத நட்சத்திரம்

அனுமந்தை ஊரில் எந்தத் தெருவிலும் நின்று மாடிகளை அண்ணாந்து பாருங்கள். டிஷ் தட்டுகள் எல்லாம் தெற்குப் பக்கமாக வானத்தை நோக்கியிருக்கும். சூரியன் நகர்கிறது, நிலா நகர்கிறது, நட்சத்திரங்களும் இரவெல்லாம் மேற்கே சரிகின்றன. தட்டு மட்டும் பொருத்திய நாளிலிருந்து அசைவதில்லை. அப்படியானால், அது பார்த்துக்கொண்டிருக்கும் பொருளும் வானில் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமே!

நிற்கத்தான் செய்கிறது. அப்படி ஒன்றை நிறுத்தி உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 அக்டோபரில் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் விளக்கி எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அப்போது அவருக்கு 27 வயது. இங்கிலாந்தின் மைன்ஹெட் ஊரில் பிறந்து, போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார் கருவிகளோடு பழகியவர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆனார். 1956இல் நம் அண்டை நாடான இலங்கையில் குடியேறி, 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

வானில் ஒரு பொருள் எப்படி அசையாமல் நிற்கும்? களத்தில் போரடிக்கும் மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பத்தை ஒட்டிய மாடு சின்ன வட்டத்தில் நடக்கும். வெளி மாடு பெரிய வட்டத்தில் விரைந்து நடக்கும். ஆனால் உள் மாட்டுக்கு வெளி மாடு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதுதான் காரணம். உள் மாடு பூமி, வெளி மாடு செயற்கைக்கோள்.

களத்தில் மாடுகளைக் கயிறு பிணைக்கிறது. வானில் அந்த வேலையை உயரம் பார்த்துக்கொள்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட சென்னைக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட தூரத்தில் பறக்கும் விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது. 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலாவுக்கு 27 நாள் ஆகிறது. மேலே போகப் போகச் சுற்றும் நேரம் கூடுகிறது என்றால், சரியாக ஒரு நாள் ஆகும் உயரம் நடுவில் எங்கோ இருந்தாக வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் அது இருக்கிறது. இதுதான் புவிநிலைச் சுற்றுப்பாதை, அதாவது பூமியிலிருந்து பார்த்தால் நின்றது போலவே தோன்றும் பாதை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 120 தடவை போய்வந்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு உயரம். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் படம் அதுவரை ஏறி இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் கால் நொடி.

இந்தப் பாதையை கிளார்க்குக்கு முன்பே அறிந்தவர்கள் உண்டு. அதில் மூன்று நிலையங்களைச் சம இடைவெளியில் நிறுத்தினால் ஏறக்குறைய பூமி முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று கணக்கோடு காட்டியதே அவருடைய சாதனை. அன்றைய ரேடியோக்கள் வால்வுகளால் ஓடின. வால்வு அடிக்கடி எரிந்துபோகும். அதனால் வால்வு மாற்ற ஆட்கள் அங்கேயே தங்கியிருப்பார்கள் என்று கற்பனை செய்தார்! டிரான்சிஸ்டர் வந்தது, ஆளில்லாமலே வேலை நடந்தது. 19 ஆண்டுகளில், 1964இல், சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் அந்தப் பாதையில் நின்று டோக்கியோ ஒலிம்பிக்கைக் கடல் கடந்து காட்டியது.

கிளார்க்கை இலங்கைக்கு இழுத்தது கடல். மூழ்கும்போது உடல் எடையற்று மிதக்கிறதே, விண்வெளி வீரனின் அனுபவத்துக்குப் பூமியில் அதைவிட நெருக்கமானது எது? திருகோணமலையில், போர்த்துகீசியர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் கிடக்கும் கடலடியில் அவர் நீந்தினார். 1975இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாக சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியபோது, அவருடைய கொழும்பு வீட்டிலும் ஒரு டிஷ் பொருத்திக் கொடுத்தது. இலங்கையில் அன்று தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் எழுதியதை, அவர் தன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்.

அசையாத செயற்கைக்கோளிலிருந்து ஒரு கயிற்றைக் கீழே விட்டால்? கிணற்று வாளி போல அதில் விண்வெளிக்கு ஏறி இறங்கலாமே! 1960இல் ரஷ்யப் பொறியாளர் யூரி அர்த்சுதானோவ் இப்படியொரு விண்தூக்கியை விவரித்தார். கிளார்க் அதே கருவை வைத்து 1979இல் ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்று பொருள்படும் நாவலை எழுதினார். தூக்கி நிலநடுக்கோட்டில்தான் நிற்க முடியும் என்பதால், கதையில் இலங்கைத் தீவையே தெற்கே நகர்த்தி வைத்தார். அவ்வளவு நீளத்தைத் தாங்கும் கயிறு இன்னும் செய்யப்படவில்லை.

நம் கரையோர உப்பளத்துக்கும் இந்த வானத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. பாத்தியில் உப்பு பூத்திருக்கும் நேரத்தில் ஒரு மழை பெய்தால் போதும், வாரக்கணக்கான உழைப்பு கரைந்துவிடும். மேகத்தை மேலிருந்து பார்த்தால் வானிலையை முன்கூட்டி அறியலாம் என்பதை கிளார்க் 1954லேயே அமெரிக்க வானிலை அறிஞர் ஹாரி வெக்ஸ்லருக்கு எழுதினார். இன்று இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள்கள் அதே அசையாப் பாதையிலிருந்து வங்கக்கடலை இரவும் பகலும் படமெடுக்கின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தபோது, அது கடலில் உருவானதிலிருந்தே அந்தக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

வானியலாளர்கள் அந்தப் பாதையை கிளார்க் சுற்றுப்பாதை என்றும் அழைக்கிறார்கள். அதில் இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் நிற்கின்றன. அந்த யோசனைக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை.